சிறுமலையில் அன்று காற்றே இல்லை

ஏப்ரல் 4, வெள்ளி

பாயை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டிருக்கிறேன். தெருவிளக்கு வெளிச்சம் கம்பி கம்பியாகத் தாளில் விழுகிறது. அது போதும். அம்மா விழித்துக் கேட்டால் கணக்கு போடுகிறேன் என்பேன். ஒன்பதாம் வகுப்பு முழுப் பரீட்சை நடக்கிற நேரம், நம்பிவிடுவாள்.

இன்று கேமரா வந்தது. மதுரையிலிருந்து பிரிசில்லா மேடம் கூரியரில் அனுப்பியிருந்தார். சோப்பு டப்பா அளவுகூட இல்லை. நெஞ்சில் மாட்டிக்கொள்ள ஒரு பட்டையும் கூட வந்தது. அம்மா கடையிலிருந்து வந்ததும் கால்கூடக் கழுவாமல் அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள்.

"எப்படிடி இருக்கு?"

"பெரிய தாலி மாதிரி தொங்குது" என்றேன்.

சிரித்தாள். அப்பா போன பிறகு அவள் கழுத்தில் ஜெபமாலை மட்டும்தான் இருக்கிறது. சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

அம்மா திண்டுக்கல் பஜாரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் இருக்கிறாள். வேலை பார்க்கிறேன் என்று சொல்லமாட்டாள். "நிக்கிறேன்" என்றுதான் சொல்வாள். பிரிசில்லா மேடம் 'நிமிர்' என்று ஒரு குழு வைத்திருக்கிறார். அம்மா மாதிரி வேலைக்குப் போகிற எட்டுப் பெண்களை ஜூன் மாதம் இமயமலைக்குக் கூட்டிப்போகிறார்கள். பனி மேலேயே நடந்து ஒரு கணவாயைத் தாண்டவேண்டுமாம். செலவெல்லாம் குழுவே பார்த்துக்கொள்ளும். அதை ஒரு படமாகவும் எடுக்கப்போகிறார்கள். போவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் பக்கத்தில் உள்ள மலையில் ஏறிப் பழகி, நெஞ்சில் கேமராவோடு பேசிக்கொண்டே ஏறுவதை நிறுத்தாமல் ஒரு மணி நேரம் எடுத்து அனுப்பவேண்டும். கேமரா டெஸ்ட். அதை அனுப்பினால்தான் பெயர் உறுதியாகும்.

மேடம் அம்மாவைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு கதை உண்டு. கடையில் லிஃப்ட் ஓடாத அன்று, பட்டுச்சேலைக் கட்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மாடியும் ஓடியே ஏறினாளாம். சேலைக்காகக் காத்திருந்த வாடிக்கையாளர்தான் மேடம். "உங்கள மலையில விட்டா ஏறிடுவீங்க போலயே" என்று கேட்டிருக்கிறார்.

அது போன வருஷம்.

ஃபேனை அணைத்துவிட்டு எழுதுகிறேன். போட்டால் தாள் பறக்கிறது.


ஏப்ரல் 5, சனி

"எவடி ஃபேன அமத்துனது? ராத்திரி பூரா வெந்துட்டேன்."

கரண்ட் போயிருக்கும் என்றேன்.


ஏப்ரல் 8, செவ்வாய்

அம்மாவுக்கு வார லீவு செவ்வாய்க்கிழமைதான். எனக்கும் இன்று பரீட்சை இல்லை. சிறுமலை போனோம்.

குழுவில் கொடுத்த டிராக் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு தெருவில் நடக்க அம்மாவுக்குக் கூச்சம். பேண்ட்டுக்கு மேலேயே சேலையைச் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினாள். வளைவுக்கு வளைவு பஸ் சாய, பக்கத்து சீட்டுக் கிழவர் மேல் நானும் சாய்ந்தேன். மலையில் இறங்கியதும் ஒரு பலாமரத்துக்குப் பின்னால் போய்ச் சேலையை அவிழ்த்து மடித்தாள். கடையில் மடிப்பது மாதிரியே நான்கு தட்டு தட்டிப் பையில் வைத்தாள்.

பிறகு கேமராவை மாட்டினாள். பேசத் தெரியாதே என்று காலையிலிருந்து புலம்பியவள், சிவப்பு விளக்கு எரிந்ததும் ஆரம்பித்துவிட்டாள்.

"வாங்க, இது சிறுமலை. பாருங்க, உடம்பு பூரா பச்சை. பார்டர்ல காப்பிச் செடி. முந்தியில மஞ்சப் பூ, அத்தனையும் கை வேலைப்பாடு. சாயம் போகாது."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பிளவுஸ் பிட் இருக்கா?" என்று கேட்டேன். "அட்டாச்டு" என்றாள்.

கொஞ்ச தூரம் வரைக்கும்தான் அந்தச் சிரிப்பு. பாதை ஏற ஆரம்பித்ததும் அம்மா அடிக்கடி நின்றாள். நிற்கும்போதெல்லாம் "வியூ எடுக்கிறேன்" என்றாள். மரம் மட்டும் இருந்த இடத்திலும் வியூ எடுத்தாள். உதடு வெளுத்திருந்தது.

"என்னம்மா செய்யுது?"

"ஒருசந்தி இருக்கேன்ல. வெறும் வயிறு. அதான்."

தவக்காலம் முழுக்க அம்மாவுக்கு ஒருவேளைச் சாப்பாடுதான். அதுவாகத்தான் இருக்கும்.

பாதி தூரத்தில் திரும்பிவிட்டோம். இன்று சும்மா பழக்கத்துக்குத்தான், அடுத்த செவ்வாய்தான் நிஜ டெஸ்ட் என்றாள். திரும்பும்போது மலைவாழை வாங்கினோம். பஸ்ஸில் அம்மா தூங்கிவிட்டாள். வாய் திறந்திருந்தது. நான் திண்டுக்கல் வரும்வரை விழித்திருந்தேன்.

உள்ளங்கால் எரிகிறது. நாளை அறிவியல். ஒளியியல் பாடம் இன்னும் படிக்கவில்லை.


ஏப்ரல் 9, புதன்

அம்மாவின் போனில் வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். கடையில் போன் கொண்டுபோகக் கூடாது, அதனால் பகலில் என்னிடம்தான் இருக்கும். படம் நன்றாக வந்திருக்கிறது. சத்தம்தான் சரியில்லை. இயர்போன் வைத்துக் கேட்டால் அம்மா பேச்சுக்கு நடுவே உஸ்... உஸ்... என்று ஒரே இரைச்சல். சில இடத்தில் பேச்சே நின்று, அந்தச் சத்தம் மட்டும் இருக்கிறது. அதற்குள் இன்னொரு மெல்லிய சத்தம், பூனைக்குட்டி மாதிரி.

அம்மா வந்ததும் கேட்கவைத்தேன். ஒரு காதில் மட்டும் வைத்துக் கேட்டாள். உடனே எடுத்துவிட்டாள்.

"காத்துச் சத்தம்டி. மலைன்னா காத்து அடிக்காதா?"

"நிறைய இருக்கும்மா."

"எடுத்துடு. உனக்குத்தான் போன்ல எல்லாம் தெரியுமே."

ஒரு ஆப்பில் காற்றுச் சத்தத்தை எடுக்கும் வசதி இருக்கிறது. விரலால் தள்ளத் தள்ளக் குறைகிறது. முழுக்கத் தள்ளினால் அம்மா குடத்துக்குள் இருந்து பேசுவது மாதிரி ஆகிவிடுகிறது. முக்கால்வாசிக்குச் சரியாக இருந்தது. கேட்டுவிட்டு, "எம்புள்ள கெட்டிக்காரி" என்று என் தலையைத் தடவினாள்.

காற்றுச் சத்தம்தான்.


ஏப்ரல் 11, வெள்ளி

சமூக அறிவியல் சுமார்தான். அம்மா இப்போது இரண்டு தலையணை வைத்துப் படுக்கிறாள். ஒன்று என்னுடையது.


ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

நாளை சித்திரை ஒன்று. கடையில் நிற்க இடமில்லாத கூட்டமாம். அம்மா காலைப் பூசைக்கு மட்டும் வந்துவிட்டுக் கடைக்கு ஓடினாள். ராத்திரி வந்து செருப்பைக் கழற்றினால், வார் இருந்த இடம் பள்ளமாகவே இருக்கிறது. விரலால் அமுக்கிக் காட்டினாள். பள்ளம் எழ நேரமானது.

"நின்னு நின்னு நீர் இறங்கிடுச்சு. சூப்பர்வைசர் ஸ்டூலை எடுத்து மாடியில வச்சுட்டான். உக்காந்தா சேலை விக்காதாம்."

சுடுதண்ணீரில் உப்பு போட்டுக் காலை வைக்கச் சொன்னேன். வைத்தபடியே தூங்கிவிட்டாள். தண்ணீர் ஆறிய பிறகு காலைத் துடைத்துவிட்டேன்.

ஃபேன் அணைத்திருக்கிறது. எழுதுவதற்காகத்தான்.


ஏப்ரல் 15, செவ்வாய்

இன்று எழுதவே கை வரவில்லை. ஆனால் எழுதாமல் படுத்தால் தூக்கமும் வராது.

அம்மாவோடு கடையில் நிற்கும் சித்ரகலா அக்காவும் சிறுமலைக்கு வந்தாள். வழியெல்லாம் வாய் ஓயவில்லை.

"ஏன் அமலா, இமயமலைக்குப் போய் அங்கயும் 'வாங்கக்கா, என்ன ரேட்டுல பாக்குறீங்க'ன்னு பனிக்கரடிகிட்ட கேப்பியா?"

"உன் சைஸ் நைட்டி போதுமான்னு கரடிகிட்ட கேக்குறேன்."

அம்மாவின் முழுப்பெயர் அமலோற்பவம். கடையில் அமலா.

கேமராவை மாட்டும்போது பார்த்தேன். சேலைக்கு அடியில் தைக்கும் ஃபால்ஸ் துணியை நாலாக மடித்து, மைக் ஓட்டை மேல் வைத்துப் பட்டையால் இறுக்கினாள். "காத்து புகாம இருக்கத்தான்" என்றாள்.

வெயில் அப்படியே கொட்டியது. காப்பிச் செடியில் ஒரு இலை ஆடவில்லை. தூரத்துத் தோட்டத்தில் யாரோ சருகு எரித்துக்கொண்டிருந்தார்கள். என் பாவாடை வியர்வையில் காலோடு ஒட்டிக்கொண்டது. அம்மா பேசிக்கொண்டே ஏறினாள். நிறுத்தாமல் எடுக்கவேண்டும் என்பதால் இந்தத் தடவை வியூவுக்காகக்கூட நிற்கவில்லை. "இது பாத்தீங்கன்னா..." என்று ஆரம்பிப்பாள். அதற்கப்புறம் ஒன்றும் வராது. நான்கு எட்டு வைத்து மறுபடியும், "இது பாத்தீங்கன்னா..."

சித்ரகலா அக்கா பின்னால் சிரித்தாள். "என்னாடி, பாத்தீங்கன்னா பாத்தீங்கன்னான்னு, எதைத்தான் பாக்கச் சொல்ற?"

ஒரு மணி நேரம் ஆனதும் கேமராவை அணைத்துவிட்டு ஒரு பாறையில் உட்கார்ந்தாள். உட்காரவில்லை, விழுந்தாள். நெஞ்சின் இடது பக்கம் கை வைத்துக்கொண்டாள். கொஞ்சம் கீழே, பாதை ஓரத்தில் ஒரு பெட்டிக்கடை உண்டு.

"ஜான்சி, ஓடிப்போய் ஒரு சோடா வாங்கிட்டு வா. வாயு மாதிரி பிடிக்குது."

நான் நகரவில்லை.

"ஏய், உன்னத்தான்."

கால் வரவில்லை. போகமாட்டேன் என்றுகூடச் சொல்லமுடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

"என்ன பிள்ள இது, பேய் அறைஞ்ச மாதிரி நிக்குது? இரு, நான் போறேன்" என்று சித்ரகலா அக்கா இறங்கினாள்.

அம்மா என்னையே பார்த்தாள். கையை நெஞ்சிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "ஒன்னுமில்லடி" என்றாள். "போயிருச்சு. இங்க வா. வந்து உக்காரு."

அக்கா மூன்று பன்னீர் சோடா கொண்டுவந்தாள். அம்மா குடிக்கவில்லை. நானும் குடிக்கவில்லை. "இதுக்கா என்னை இறக்கி ஏத்துனீங்க?" என்று மூன்றையும் அக்காவே குடித்தாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஏப்பம் விட்டாள்.


ஏப்ரல் 16, புதன்

பரீட்சை முடிந்தது. எல்லாரும் சட்டையில் மை தெளித்து விளையாடினார்கள். நான் நேரே வீட்டுக்கு வந்தேன்.

அப்பா வெங்காயப்பேட்டையில் லோடு வண்டி ஓட்டினார். பெயர் சவரிமுத்து. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்து, நெஞ்சைத் தடவிக்கொண்டே, "வாயுப் பிடிப்பு, ஒரு சோடா வாங்கிட்டு வா பாப்பா" என்றார். சோடா நான்தான் வாங்கி வந்தேன். பாதி குடித்தார். பெரிதாக ஒரு ஏப்பம் விட்டார். "ஆ, காத்து போயிருச்சு, இப்ப பரவாயில்ல" என்று சொல்லிப் படுத்தார்.

அவ்வளவுதான் எழுதமுடியும்.

வீட்டில் யாரும் இல்லாதபோது நேற்றைய வீடியோவைப் பார்த்தேன். ஃபால்ஸ் துணி வைத்தும் சத்தம் இருக்கிறது. போன தடவையைவிட அதிகம். உஸ்... உஸ்... அம்மா "இது பாத்தீங்கன்னா" என்று பேச்சை நிறுத்தும் இடத்தில் நான் படத்தை மட்டும் பார்த்தேன். காப்பிச் செடிகள் ஓவியத்தில் இருப்பது மாதிரி இருக்கின்றன. பின்னால் அந்தச் சருகுப் புகை தெரிகிறது. கயிறு கட்டித் தொங்கவிட்டது மாதிரி நேராக மேலே போகிறது. எந்தப் பக்கமும் சாயவில்லை.

சத்தம் மட்டும் அடிக்கிறது.

பிரிசில்லா மேடத்துக்குப் போன் செய்தேன். அம்மாவுக்குத் தெரியாது. காற்றுச் சத்தத்தை எவ்வளவு குறைக்கலாம் என்று கேட்டேன்.

"யாரு, அமலா பொண்ணா? குறைக்கவே வேண்டாம்மா. அப்படியே லிங்க்ல ஏத்திடு."

"சத்தம் அதிகமா இருக்கு மேடம்."

"இருக்கட்டும். அதக் கேக்கத்தான அந்த டெஸ்டே. ஏறும்போது பேசமுடியுதா, மூச்சு எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியணும். மேல போனா காத்தே கம்மி. இங்கயே திணறுனா அங்க என்ன ஆகும், சொல்லு? அம்மாகிட்ட முதல் நாளே விளக்கினேனே."

நன்றி மேடம் என்று வைத்துவிட்டேன்.

நான் கேமராவுக்குத்தான் டெஸ்ட் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கேமரா டெஸ்ட் என்றால் வேறு எப்படி நினைப்பது?


ஏப்ரல் 17, பெரிய வியாழன்

காலையில் அம்மா தலைவாரிக்கொண்டிருக்கும்போது சொன்னேன். "அம்மா, அது கேமராவுக்கு டெஸ்ட் இல்ல. உனக்கு."

சீப்பு நிற்கவில்லை. "தெரியும்" என்றாள்.

போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். சத்தத்தைக் கூட்டி வைத்தேன். "புகையப் பாரு."

"என்ன புகை?"

"சருகுப் புகை. நேரா போகுது பாரு. செடி அசையல. அன்னைக்குக் காத்தே இல்லம்மா."

பார்த்தாள். அவள் கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள், நேராக அல்ல.

"இந்தச் சனியனத்தான் துணி வச்சு அமுக்கினேன்."

"டாக்டர்ட்ட போவோம்."

"போயிட்டு வந்து போறேன். போறதுக்கு முன்னாடி காட்டினா எவன் விடுவான்?"

"போயிட்டு வரலைன்னா?"

கொண்டை ஊசியை வாயில் கடித்திருந்தாள். எடுத்து ஜன்னல் திண்டில் வைத்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஜான்சி, நான் பதினெட்டு வயசுல அந்தக் கடைக்குப் போனேன். அன்னையிலருந்து விரிச்சுக் காட்டிக்கிட்டே இருக்கேன். இதப் பாருங்க, அதப் பாருங்க. எனக்குன்னு எவளாவது ஒன்ன விரிச்சுக் காட்டியிருக்காளா? அந்த மேடம் போன்ல ஒரு மலையப் படம் காட்டினாங்க. வெள்ளை வெளேர்னு. மடிப்பு மடிப்பா. எனக்கு அதத் தொட்டுப் பாக்கணும். அம்புட்டுதான். பாத்துட்டு வந்து நீ எங்க கூப்பிட்டாலும் வர்றேன்."

நான் அழுதேன். அவள் அழவில்லை.

"எனக்கும் அப்பாவுக்கும் ஒன்னா? அவருக்கு பீடி. எனக்கு என்ன இருக்கு? நின்னு நின்னு உடம்பு கனத்துப்போச்சு, வேற ஒன்னுமில்ல. போன தடவை மாதிரி சத்தத்த எடுத்துட்டு நாளைக்குள்ள அனுப்பு. நான் சொன்னதச் செய்யி."

செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். கொண்டை ஊசியை மறந்துவிட்டாள். கூந்தல் எப்போது வேண்டுமானாலும் அவிழ்ந்துவிடும் மாதிரி போனாள்.

சத்தத்தை எடுத்துவிட்டேன். இப்போது போனில் இரண்டு வீடியோ இருக்கிறது. ஒன்றில் அம்மா நன்றாக ஏறுகிறாள்.


ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

கடையில் அரைநாள் பெர்மிஷன் வாங்கிக்கொண்டு அம்மா சிலுவைப் பாதைக்கு வந்தாள். கோயிலைச் சுற்றித் தெருவெல்லாம் பதினான்கு ஸ்தலங்கள், சேசு சிலுவை சுமந்த வழியில் நடந்த ஒவ்வொன்றுக்கும் ஒன்று. ஒவ்வொரு ஸ்தலத்திலும் முழந்தாளிட்டு எழவேண்டும். தார்ச் சாலை கொதித்தது. துண்டை விரித்து அதன் மேல் முழந்தாளிட்டோம்.

முதலில் அம்மா என் தோளைப் பிடித்து எழுந்தாள். பிறகு இரண்டு கையாலும் பிடித்து எழுந்தாள். ஒன்பதாம் ஸ்தலத்தில் எழவில்லை. சேசு மூன்றாம் முறை கீழே விழுகிற ஸ்தலம் அது. பாட்டு முடிந்து எல்லாரும் நகர்ந்தார்கள். அம்மா தலையைக் குனிந்தபடி அப்படியே இருந்தாள். எங்கள் தெரு ரீத்தம்மாள் அத்தை கும்பிட்டுக்கொண்டே தாண்டிப்போனார். "அமலாவுக்கு எம்புட்டு பக்தி பாரு" என்று மருமகளிடம் சொன்னார்.

நானும் குனிந்தேன். அம்மாவின் மேலுதட்டில் வியர்வை. கையைப் பிடித்தால் ஐஸ் மாதிரி இருந்தது. தவளை மாதிரி தொண்டைக்குழி போய்ப்போய் வந்தது.

"தூக்கிரு" என்றாள். அவ்வளவு சின்னக் குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை. "யாரும் பாக்காம தூக்கிரு."

தூக்கினேன். எப்படித் தூக்கினேன் என்று தெரியவில்லை. ஒரு காம்பவுண்ட் சுவர் நிழலில் சாய்த்து நிறுத்தினேன். மற்ற ஸ்தலங்களுக்கு நாங்கள் போகவில்லை. தூரத்தில் பாட்டு மட்டும் கேட்டது. முடிந்த பிறகு கோயிலில் கஞ்சி ஊற்றினார்கள். துவையலோடு வாங்கி வந்து கொடுத்தேன். "நீ குடி" என்று என் பக்கமே தள்ளினாள்.

வீட்டுக்கு வந்து படுத்துவிட்டாள். தலையணை மூன்று. ஒன்று துணிமூட்டை.

மேடம் கொடுத்த லிங்கைத் திறந்தேன். இரண்டு வீடியோவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. சின்னப் படத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான்.

சத்தம் உள்ளதைத் தொட்டேன்.

மெதுவாக ஏறியது. கால்வாசி வந்து நின்றது. மறுபடி கொஞ்சம் ஏறியது. அதுவும் நின்று நின்றுதான் ஏறியது. இடையில் இரண்டு தடவை நிறுத்திவிடலாமா என்று விரலைக் கொண்டுபோனேன். அம்மா புரண்டு படுத்தாள். நான் போனைப் பாவாடைக்கு அடியில் மறைத்துக்கொண்டேன். எடுத்துப் பார்த்தபோது ஏறி முடித்திருந்தது.

நான் செய்தது என்ன என்று தெரிந்துதான் செய்தேன்.


ஏப்ரல் 19, சனி

அம்மா கடையிலிருந்து வந்து உட்கார்வதற்குள் மேடத்தின் போன் வந்தது. நிறைய நேரம் அந்தப் பக்கமே பேசினார்கள். அம்மா "சரிங்க மேடம்" என்றாள், அதையே நான்கைந்து தடவை. வைத்த பிறகு ஆணியில் தொங்கிய நெஞ்சுப் பட்டையை எடுத்து, கேமராவோடு கூரியர் பெட்டிக்குள் வைத்தாள். ஃபால்ஸ் துணியை மட்டும் தனியே எடுத்து மடித்துத் தையல் டப்பாவில் போட்டாள்.

என்னிடம் பேசவில்லை. என் தட்டில் சோறு போட்டு வைத்திருந்தாள்.

ஃபேன் ஓடுகிறது. அணைக்கப் பயமாக இருக்கிறது.


ஏப்ரல் 20, ஈஸ்டர்

விடியும் முன்பே பூசைக்குப் போய்விட்டு வந்து அம்மா கடைக்குக் கிளம்பினாள். எனக்குப் புது சுடிதார் வைத்திருந்தாள். கடையில் ஊழியர் தள்ளுபடியில் எப்போதோ எடுத்தது போல. கட்டிலில் வைத்துவிட்டுப் போனாள், கொடுக்கவில்லை.

சாயங்காலம் அவளோடு சித்ரகலா அக்காவும் வந்தாள், பிரியாணிப் பொட்டலத்தோடு.

"என்ன பிள்ள, உங்கம்மா இமயமலை கேன்சலாமே? போகட்டும் விடு. அங்க போனா பன்னீர் சோடா கிடைக்குமா என்ன?"

யாரும் சிரிக்கவில்லை. அக்கா என்னையும் அம்மாவையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "நான் என்ன சொல்லிட்டேன் இப்ப?" என்றாள். பிறகு தயிர் வெங்காயத்தைப் பிரித்து வைத்தாள்.

"மேடம் வேற என்னடி சொன்னாங்க?"

"நெஞ்சக் காட்டிச் சரிபண்ணிட்டு வாங்க, அடுத்த வருஷம் இடம் இருக்குன்னாங்க."

"நல்லதுதானே."

"நாமளுந்தான் தினம் சொல்றோம், அடுத்த வாரம் புது ஸ்டாக் வருதுக்கான்னு" என்றாள் அம்மா.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவும் கொஞ்சம் சிரித்தாள். சிரித்ததற்கே மூச்சு வாங்கியது. அக்கா அதைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். போகும்போது வாசலில் வைத்து என் கையைப் பிடித்து, "ராத்திரி எதுவும்னா என்ன நேரமானாலும் போன் பண்ணு" என்றாள். இதுவரை அவள் அப்படி மெதுவாகப் பேசியதே இல்லை.

பாத்திரம் கழுவிவிட்டுப் பாய் போட்டேன். சுடிதாரைப் போட்டுக்கொண்டே படுத்தேன், அம்மா பார்க்கட்டும் என்று. பார்த்தாளா என்று தெரியவில்லை. விளக்கை அணைத்தாள். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தாள். நான் தூங்குவது மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன். ஃபேன் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டி எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அம்மா எழுந்தாள். தண்ணீர் குடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். ஸ்விட்ச் சத்தம் கேட்டது. ஃபேன் மெல்ல மெல்லச் சுற்றி நின்றது.

"கேளு" என்றாள் இருட்டில்.

நான் கண்ணைத் திறந்தேன்.

"தினம் நீ எதுக்கு ஃபேன அமத்துறன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? கேட்டுட்டுத் தூங்கு. செவ்வாய்க்கிழமை பெரியாஸ்பத்திரிக்குப் போறோம். சூப்பர்வைசர்ட்ட சொல்லிட்டேன்."

திரும்பி வந்து படுத்தாள். நான் பாயோடு நகர்ந்து கட்டில் கால்கிட்ட போனேன். வெளியே வேப்பமரத்தில் சத்தமே இல்லை. தெருவில் நாய்கூட இல்லை. அம்மாவின் மூச்சு மட்டும். உஸ்... உஸ்... நடுவில் அந்தப் பூனைக்குட்டி. அவள் அதை மறைக்கவில்லை. நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். என் கழுத்தில் வியர்வை இறங்கி, புது சுடிதார் முதுகோடு ஒட்டிக்கொண்டது.

ரொம்ப நேரம் கழித்து அம்மா சொன்னாள். "போதும்டி, வேகுது. ஃபேனப் போடு."

போட்டேன்.